குச்சியில் குத்திய சம்பந்தம்

என் தம்பி தின்பதைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கூடப் பிறந்தவன், அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கு இருக்கிற ஒரே ரத்த சொந்தம், எல்லாம் சரிதான். பாசம் வேறு, வயிறு வேறு.

அவன் இத்தாலியில் டூரின் என்ற ஊரில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். காலையில் காபிக்கடை, சாயங்காலமானால் அதே கடையில் மது ஊற்றிக் கொடுப்பார்கள். சங்கரன்கோவிலில் யார் கேட்டாலும் முதல் பாதியை மட்டும் சொல்லுவேன். போன ஆவணியில் கல்யாணம் முடித்துக்கொண்டு போகலாம் என்று நீண்ட விடுப்பில் வந்தான். வந்த அன்றே வீட்டு முன்கூடமான பட்டாசாலையில் பெட்டியைத் திறந்தான். நனைந்த சாக்கில் பால் கொட்டி வெயிலில் கிடந்தால் ஒரு வாடை வருமே, அது வீடு முழுக்க அடித்தது. "என்னலே செத்துக் கிடக்கு உள்ள?" என்றேன். சிரித்தபடி ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினான். வெள்ளைக் கட்டிக்குள் பச்சையும் நீலமுமாகப் பூசணம் ஓடியிருந்தது. அது கெட்டுப்போன சீஸ் இல்லையாம், அப்படித்தான் இருக்குமாம். விலையும் கூடுதலாம்.

மறுநாளிலிருந்து அவன் சாப்பாட்டு முறையைக் கண்ணால் பார்க்கும் தண்டனை எனக்கு. காலையில் இட்லி வேண்டாம். பால் காபியில் பிஸ்கட்டைப் போட்டு ஊறவைத்து, அது கரைந்து மிதக்கும்போது கரண்டியால் அள்ளித் தின்பான். பத்தரை மணிக்கு ஒரு துண்டு ரொட்டி. அதற்கு ஸ்பூன்டீனோ என்று பெயர். சாயங்காலம் நாலரை மணிக்கு மெரெண்டா. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு அங்கே கொடுப்பார்களாம், இந்தக் கழுதைக்கு நாற்பது தாண்டிவிட்டது. அதே ரொட்டியில் எண்ணெயை ஊற்றி மேலே சீனியைத் தூவிக் கடிப்பான். பச்சை எண்ணெய்! நாங்கள் தலைக்குத் தேய்ப்பதற்குக் கூடக் காய்ச்சித்தான் தேய்ப்போம்.

நானும் நொறுக்குத்தீனிக்கு எதிரி இல்லை. எங்கள் வீட்டில் சேவு டப்பா காலியாக இருந்த நாளே கிடையாது. ஆனால் சேவு தின்பதற்கு ஒரு லட்சணம் இருக்கிறது. உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து, அண்ணாந்து, உதட்டில் விரல் படாமல் போட்டுக்கொள்ள வேண்டும். டப்பாவில் கிடப்பதற்கு எச்சில் படக் கூடாது. தம்பி ரொட்டியைக் கடிப்பான், மேசையில் வைப்பான், பேசுவான், மறுபடி எடுத்துக் கடிப்பான். அந்த ஈரமான கடிவாய் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். கடைசியில் கையைக் கழுவாமல் ஒரு காகிதத்தில் துடைத்துப் போட்டுவிட்டு எழுந்து போவான். அந்தக் காகிதத்தை நான் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டு போய்க் குப்பையில் சேர்ப்பேன்.

பதினொன்றரைக்கு நான் ஆசையாகக் கைமுறுக்கு கொடுத்தால் வேண்டாம் என்பான். "சாப்பாட்டு நேரம் நெருங்கிட்டுக்கா, இப்பம் தின்னா பசி செத்துப் போவும்." அதற்கு நேரம் இருக்கிறதாம், ஒழுங்கு இருக்கிறதாம். அவ்வளவு ஒழுங்கு பார்க்கிறவன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆறரை மணிக்கு என்ன செய்வான் தெரியுமா? அதுதான் உச்சம். அப்பெரிட்டீவோ. வயிற்றைத் திறந்துவிடுவது என்று அர்த்தமாம். நடுவில் ஒரு தட்டு, அதில் எண்ணெயும் உப்பும் மினுங்கும் ஆலிவ் காய்கள், குச்சி குச்சியாக ரொட்டி, ஒரு கிண்ணத்தில் பூண்டு அரைத்த எண்ணெய்க் குழம்பு. எல்லாரும் சுற்றி நின்றுகொண்டு பல் குத்தும் குச்சியால் காயைக் குத்தி எடுக்க வேண்டும். குச்சி ரொட்டியைக் குழம்பில் தோய்த்துக் கடித்துவிட்டு, கடித்த முனையையே மறுபடி அதே கிண்ணத்தில் தோய்க்க வேண்டும். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு நான் ராத்திரிச் சோறு உண்ணவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும், "நல்லாத்தானட்டி இருக்கு" என்று ரெண்டு குச்சி ரொட்டியை மென்றார். அவருக்கு எதைக் கொடுத்தாலும் நல்லாத்தான் இருக்கும்.

பெட்டிக்கு அடியில் மீன் படம் போட்ட ஒரு தகர டப்பாவும் இருந்தது. எங்கள் வீட்டுக்குள் முட்டை கூட வந்ததில்லை. இடுக்கியால் அதைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடந்தேன். எதிரே வந்தவர்கள் பாம்பு பிடித்துப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். வீடு திரும்பி ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். தம்பி அசரவே இல்லை.

"கோயில்ல புத்துமண்ணை வாங்கி வாயில போடுத. மண்ணைத் திங்குத ஊருக்காரி சீஸைப் பாத்து ஓங்கரிக்கா."

"ஏலே, அது மருந்து. அம்பாள் குடுக்கது."

"இதை மாடு குடுக்குது."

இவனோடு பேசி ஜெயிக்க முடியாது. ஆனால் இவனுக்கு ஒரு கல்யாணம் ஆக வேண்டுமே என்ற கவலை எனக்கு இருந்தது. வயது கடந்து போய்க்கொண்டிருந்தது. வந்த சம்பந்தம் எல்லாம் சாயங்காலக் கடை விஷயம் தெரிந்ததும் முறிந்தது. கடைசியாகக் கரிவலம்வந்தநல்லூரில் ஒரு இடம் அமைந்தது. பெண் பள்ளிக்கூட டீச்சர், முப்பத்தைந்து வயது. ரெண்டு பேரும் போனில் பேசிக்கொண்டார்கள். பேசிவிட்டு வந்தால் இவன் முகத்தில் ஒரு களை இருக்கும், மெரெண்டா நேரத்தைக் கூட மறந்துவிடுவான். அதை வைத்தே நான் கண்டுபிடித்துவிட்டேன், இவனுக்கு இந்தப் பெண்ணை விட்டால் வேறு கிடையாது. பெண்ணுக்கும் இஷ்டம்தான். அவள் அப்பா மட்டும் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்லுவேன் என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

எங்கள் பக்கத்தில் வீடு பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. தண்ணீர் குடிக்கலாம், காபி குடிக்கலாம். மென்று விழுங்கும் எதையும் தொட மாட்டார்கள். சம்பந்தம் முடிவாகாத வீட்டில் கை நனைப்பதில்லை. நனைத்தால் சம்மதம் சொல்லியாயிற்று என்று அர்த்தம், அதன் பிறகு பேச்சு மாறினால் அசிங்கம். ஆனாலும் நாங்கள் கேசரியும் வடையும் செய்து எதிரே வைக்க வேண்டும். எடுத்துக்கோங்க என்று கெஞ்ச வேண்டும். அவர்கள் இருக்கட்டும் இருக்கட்டும் என்று மறுக்க வேண்டும். போன பிறகு நாங்களே ஆறிப்போன வடையைத் தின்ன வேண்டும். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

தம்பிக்கு இது பிடிக்கவில்லை. "வெயில்ல வாரவங்க முன்னால பலகாரத்தை வச்சிட்டு அவங்க திங்காம இருக்கதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமாக்கும். இது என்ன பழக்கம்?" என்றான். அன்றைக்கு மட்டும் அந்த நாற்றம் பிடித்த சீஸ் பிரிட்ஜை விட்டு வெளியே வரக் கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். சீஸைப் பற்றி மட்டும் வாங்கினேன். புத்தி கெட்டவள், மற்றதையும் சேர்த்து வாங்கியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குக் கார் வந்து நின்றது. பெண்ணின் அப்பாவும், அவருடைய தங்கச்சி, அதாவது பெண்ணுக்கு அத்தையும் இறங்கினார்கள். கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தார்கள், இருவர் நெற்றியிலும் திருநீறும் புற்றுமண்ணும் இருந்தன. அவர் உயரமான மனிதர், நிலபுலம் உள்ளவர், அதிகம் பேசாதவர். அத்தைக்காரியின் கண் மட்டும் சுவரில் உள்ள ஈரத்தைக் கூட விடாமல் மேய்ந்தது. நான் வடைத் தட்டை நகர்த்தினேன். இருக்கட்டும் என்றார்கள். கேசரியை நகர்த்தினேன். இருக்கட்டும் என்றார்கள். காபியைக் குடித்தார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது.

ஆனால் அவர் என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. நாலு சம்பந்தம் முறிந்து பார்த்தவளுக்கு அது போதும். வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறார், எப்படி ஆரம்பிக்க என்று தடுமாறுகிறார். டம்ளரைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். "ஒரு விஷயம் பேசணும் தாயி," என்றார்.

அந்த நேரம் பார்த்து அடுக்களையிலிருந்து தம்பி வந்தான், கையில் அந்தத் தட்டு. காய், குச்சி ரொட்டி, பூண்டுக் கிண்ணம், பச்சைத் தக்காளியைத் தேய்த்த ரொட்டித் துண்டுகள், நீளக்கால் கிளாஸில் ரத்தச் சிவப்பாகக் கசப்புச் சோடா. நான் கண்ணால் எரித்தேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"மாமா, இது சாப்பாடு இல்ல. சும்மா வாய்க்கு. காபி மாதிரிதான்," என்று ஒரு காயைக் குச்சியில் சாய்த்துக் குத்தி நீட்டினான்.

சம்பந்தமே முடியவில்லை, அதற்குள் மாமாவாம். மரியாதைக்காரர் என்ன செய்வார்? முகத்துக்கு நேரே நீட்டியதை வாங்கி வாயில் போட்டுவிட்டார். போட்டவர் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். உப்பும் கசப்பும் எண்ணெயும் சேர்ந்து நாக்கைப் பிடித்திருக்கும். போதாததற்கு உள்ளே கொட்டை. அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அந்நிய வீட்டில், பெண் பிள்ளைகள் முன்னால் துப்ப முடியுமா? இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். பல்வலிக்காரர் போலக் கன்னம் உப்பியது.

கசப்பை மாற்ற ஒரு தக்காளி ரொட்டியை எடுத்தார். அது பிடித்துப்போயிற்றோ என்னவோ, இன்னொன்று எடுத்தார். தம்பி குச்சி ரொட்டியைத் தோய்க்கச் சொல்லிக்கொடுத்தான். தோய்த்தார், கடித்தார், கடித்த முனையை மறுபடி தோய்த்தார். எனக்கு அடிவயிற்றிலிருந்து ஏறியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். எச்சிலும் பூண்டும் எண்ணெயுமாக அந்தக் கிண்ணம் மினுங்கியது. தம்பியும் அதிலேயே தோய்த்தான். ரெண்டு பேரும் அந்த ஊரில் மாலை எப்படி இருக்கும், இங்கே மழை எப்படி ஏமாற்றுகிறது என்று பேசினார்கள். தட்டில் பாதி காலியாகிவிட்டது. என் வடை அப்படியே இருந்தது.

அப்போதுதான் அத்தைக்காரியின் குரல் வந்தது. "அண்ணே, என்ன காரியம் செஞ்சுட்டிய."

அவர் கை நின்றது. பாதி கடித்த ரொட்டியைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அதுவரை குமட்டிக்கொண்டிருந்த வயிறு சட்டென்று சரியாயிற்று. இப்படி ஒரு வாய்ப்பை விட நான் என்ன முட்டாளா?

"அண்ணாச்சி, எங்க வீட்டுல சாப்பிட்டுட்டிய. இனிமே நாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு," என்றேன்.

"இது என்ன சாப்பாடா? குச்சியில குத்தித் தின்னது எந்தக் கணக்குல சேரும்?" என்றாள் அத்தை.

"மெல்லலையா? முழுங்கலையா?"

என் வீட்டுக்காரர் மெதுவாக எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்டுவது போல சுவிட்சுப் பக்கம் போய் நின்றுகொண்டார். பெண்ணின் அப்பா கையை உயர்த்தித் தங்கச்சியை அடக்கினார். கொட்டை கன்னத்தில் இருந்ததால் பேச்சு குழறியது.

"ஒளிக்காமச் சொல்லுதேன் தாயி. வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன். குடிக்கக் குடுக்க கடையில வேலைன்னு கேள்விப்பட்டேன், மனசு ஒப்பலை. ஆனா வாய் வச்சிட்டேன். எங்க வீட்டுல அது சொன்ன சொல் மாதிரி. மாற மாட்டேன்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மனமில்லாமல் சொன்னால் என்ன, சொல்லிவிட்டாரே. மனம் பிறகு வரும். குங்குமச் சிமிழை எடுக்க எழுந்தேவிட்டேன்.

"வேண்டாம் மாமா," என்றான் தம்பி.

நான் நின்ற இடத்தில் நின்றேன்.

"நான் வேலை பாக்குத கடைக்குச் சாயங்காலம் ஆனா ஆளுக வருவாவ. நின்னுக்கிட்டே ரெண்டு காயைத் திம்பாவ, குடிப்பாவ, சிரிப்பாவ, போயிருவாவ. யாரும் யாருக்கும் சொந்தம் ஆக வேண்டியதில்லை. அதுக்குன்னு உள்ள தீனி இது. இத்தனை வருசமா தட்டு தட்டா வச்சிருக்கேன். தின்னவங்கள்ல ஒருத்தரும் எனக்கு ஒண்ணும் ஆகலை." கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினான். "கடையில ஊத்திக் குடுக்கது நெசந்தான். நான் தொடுறதில்லை. அதை நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். ஆனா இதைத் தின்னுட்டோமேன்னு நீங்க பொண்ணு தர வேண்டாம். சாப்பாடு இல்லன்னு நான்தானே சொன்னேன்."

பெண்ணின் அப்பா எழுந்தார். கும்பிட்டார். தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு இறங்கிப் போய்விட்டார்.

நான் அவன் மேல் பாய்ந்தேன். "ஏலே மூதி, கைக்கு வந்ததைத் தள்ளி விட்டுட்டியே! உனக்குக் கூறு இருக்கா? அந்தப் பிள்ளைகிட்ட என்னன்னு சொல்லப் போற? இந்தச் சனியனைத் தின்னு தின்னு உன் மூளையும் பூசணம் பிடிச்சுப் போச்சு!" அவன் குனிந்துகொண்டான். கீழே சிந்திய ரொட்டித் தூளை விரல் நுனியால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தான். தூள் இல்லாத இடத்தையும் அந்த விரல் ஒற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குத் திட்ட வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே அந்தத் தட்டைப் பார்த்தேன். கடித்த முனைகள், எண்ணெயில் மிதக்கும் தூள், ஓரத்தில் தம்பி துப்பிய கொட்டைகள். உலகத்தில் இதைவிட அருவருப்பான ஒன்றை நான் பார்த்ததில்லை.

வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்கவில்லை. கார்க் கதவு மறுபடி திறக்கும் சத்தம்தான் கேட்டது. ரெண்டு பேரும் மறுபடி படியேறி வந்தார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். கன்னம் வற்றியிருந்தது, கொட்டையைத் தெருவில் துப்பியிருப்பார்.

"வண்டியில ஏறினதும் இவதான் சொன்னா," என்று தங்கச்சியைக் காட்டினார். "கையில சிக்குன ஆளை அவுத்து விடுதான், இவனைக் குடிகாரன்னு எந்தப் பய சொன்னான்னு கேட்டா. எனக்கும் அதே நெனப்புத்தான். தெரியாமத் தின்னதைத் தள்ளுங்க. இப்பம் தெரிஞ்சு திங்கேன்."

"இருங்க அண்ணாச்சி, இலை போடுதேன். ஒரு நிமிசத்துல உலை வச்சிருதேன்," என்று நான் அடுக்களைக்கு ஓடப் பார்த்தேன்.

"எதுக்கு உலை? அந்தத் தட்டு இருக்குல்லா. அதையே கொண்டாங்க."

அத்தைக்காரி மூக்கைச் சுளித்துக்கொண்டே என் வடையில் ஒன்றை எடுத்துக் கடித்தாள். ஆறிப்போயிருந்தது, ஆனாலும் முழுவதையும் தின்றாள். இந்த வீட்டில் வீடு பார்க்க வந்தவர் தின்ற முதல் வடை அது. அவர் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். ஒரு காயைக் குத்தி வாயில் போட்டார். கசப்பில் கண் சுருங்கியது, நிறுத்தாமல் மென்றார். பிறகு இன்னொரு காயைக் குத்தினார். அதைக் கிண்ணத்தின் பூண்டுக் குழம்பில், எல்லார் எச்சிலும் கலந்த அந்தக் குழம்பில், ஒரு முக்கு முக்கினார். என் பக்கம் நீட்டினார்.

"பொண்ணு வீட்டுக்காரங்க தின்னா மட்டும் போதுமா? நீங்களும் எடுத்துக்கோங்க மதினி."

தாயி போய் மதினி என்றுவிட்டார், சம்பந்திக்காரியைக் கூப்பிடும் முறை. தம்பி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். சின்ன வயதில் காய்ச்சல் மருந்துக்கு வாயைத் திறக்கச் சொல்லி அவனை எத்தனை தடவை மிரட்டியிருப்பேன். இப்போது அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாங்கினேன். குச்சியிலிருந்து எண்ணெய் என் விரலில் வழிந்தது. கண்ணை மூடிக்கொண்டு அம்பாளை நினைத்து வாயில் போட்டேன். உப்பு, கசப்பு, பூண்டு, யார் யாருடைய எச்சிலோ. குடல் தொண்டைவரை வந்தது. மென்றேன். நன்றாகத் தெரியும்படி மென்று விழுங்கினேன்.

கொட்டையை எங்கே துப்புவது என்று தெரியவில்லை. இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "நாள் பாத்துருவோம் அண்ணாச்சி," என்றேன்.